பெரியக்கா உள்ளே போகாத நாள்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்கைத் தாண்டியதும் சலவைக்கூடம். அங்கே வேலை பார்த்த ஏறக்குறைய எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பேர்தான் பெரியக்கா, ஆள் சின்ன உருவம். துணி குவிந்த டிராலியை அவள் தள்ளிக்கொண்டு வந்தால் டிராலி தானாக உருண்டு வருவது போலத் தெரியும். கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தால் சரி, பெரியக்கா வருகிறாள் என்று மற்றவர்கள் வழிவிடுவார்கள்.

கூடத்தின் ஒரு பக்கம் வயிறு பெருத்த துவைக்கும் மெஷின்கள். எதிரே உலர்த்தும் மெஷின்கள். நடுவில் துணி மடிக்கும் நீளமான மேசை. கோடியில், பாய்லரிலிருந்து நீராவி வரும் குழாயின் கீழே, ஈர விரிப்பை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும் உருளை இஸ்திரி. அந்த உருளைக்கு ராஜா இஸ்திரி அண்ணன். வயதிலும் பெரியக்காவைவிட மூத்தவர், வேலையிலும் மூத்தவர். மடிக்கும் மேசையில் நிற்பவள் ரேடியோ. காலையில் கதவைத் திறந்து உள்ளே வரும்போது ஆரம்பித்த பேச்சை சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் முடிப்பாள். அதனால் வந்த பேர்.

பழைய மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனபோது அந்த நாற்காலி இஸ்திரி அண்ணனுக்குத்தான் என்று கூடமே நினைத்தது. அண்ணனும் நினைத்தார். அன்று புதுச் சட்டைகூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் வந்து பெரியக்காவின் பேரைச் சொன்னார்.

"இவங்க யார்கிட்டயும் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல. அதான்" என்று காரணமும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அண்ணன் பெரியக்காவிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உருளையிடம் சொல்வார். "யாரோ இங்க நீராவி வால்வைத் திறக்க மறந்துட்டாங்க போல." "யாருக்கோ இன்னைக்கு குழந்தைங்க வார்டு துணி வேணுமாம்." உருளை பதில் சொல்லாது. பெரியக்கா ஓடிப்போய் வால்வைத் திறப்பாள்.

பெரியக்கா கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள். கணவர் தவறியபிறகு பெண்ணைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவள். அந்த வருஷங்களில் வேதம்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. அதிலும் ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவின பகுதி என்றால் அவளுக்கு உயிர். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் யாரைப் பேசச் சொன்னாலும் ஆளுக்கொரு பகுதி எடுப்பார்கள். பெரியக்கா எழுந்தால் மட்டும் மற்றவர்கள் கேட்காமலே அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள்.

பொறுப்பு வந்ததும் அவள் எடுத்த முடிவு இதுதான்: தலைமை என்றால் துண்டைக் கட்டிக்கொள்வது. அப்படியே கட்டிக்கொண்டாள். சாக்கடைக் குழாய் அடைத்தால் அவள் கையை விடுவாள். ரத்தம் படிந்த துணியைப் பிரிக்க யாராவது முகம் சுளித்தால், "நகருடி, நான் பார்த்துக்கறேன்" என்பாள். வார்டு வார்டாகத் துணி கொண்டுபோவதும் அவள்தான். அண்ணன் சாப்பிடப் போய்விட்டு மெதுவாகத் திரும்பினால், அவர் வருவதற்குள் அவர் பங்கு விரிப்புகளையும் உருளையில் ஓட்டி முடித்திருப்பாள். வந்து பார்த்த அண்ணன் உருளையைப் பார்த்து, "ஓ, இனிமே நான் எதுக்கு?" என்பார்.

மற்றவர்கள் அவளைத் தடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. முதலில் கூச்சப்பட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. "அக்கா இருக்கறப்போ நமக்கென்ன" என்று ரேடியோ சொன்னாள். பெரியக்கா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். ராத்திரி ஜெபம் பண்ண முட்டி போட்டால் 'ஆமென்' வரைக்கும் போய்ச்சேர மாட்டாள். கட்டிலில் தலை சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். மகள்தான் தட்டி எழுப்பிப் படுக்க வைப்பாள்.

மகள் அப்போது நிறைமாதம். அவளும் கணவனும் குடியிருந்தது மாடிக்கு மேல் மாடி. இத்தனை படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இரண்டு பேரும் பெரியக்கா வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். ஆள் ஆறடி. மாமியார் முன்னால் மட்டும் நாலடி. நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்காருவார். சரக்கு இறக்கக் காத்துக்கிடக்கும் நேரமெல்லாம் லாரியிலேயே வேதத்தைப் படித்துக்கொண்டிருப்பார் என்பது மகள் சொல்லித்தான் தெரியும்.

அந்தச் சமயம் லாரி ஒர்க் ஷாப்பில் கிடந்தது. ஒருநாள் பெரியக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போக, மாப்பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதோ ஒரு நிமிஷம் மாப்பிள்ளை, உக்காருங்க" என்று ஒரு முக்காலியைக் காட்டிவிட்டுப் போனவள்தான். ஒரு நிமிஷம் மத்தியானமாகி, மத்தியானம் சாயங்காலமாயிற்று. பாத்திரம் திறக்கப்படவே இல்லை. மாப்பிள்ளை முக்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "அக்கா, சோப்புத்தூள் எவ்வளவு?" "அக்கா, இது கிழிஞ்சிருக்கு, என்ன பண்ண?" "அக்கா, குழந்தைங்க வார்டுல கேக்கறாங்க." சின்னதும் பெரிதுமாய் எல்லாமே அவளிடம்தான் வந்தன.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"இல்ல, வேண்டாம்."

"அட, சொல்லுங்க."

"அடுத்த ஸ்டாப்புல சொல்றேன்."

அடுத்த ஸ்டாப் வந்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். பெரியக்கா அவரையே பார்த்தாள். இனி தப்பிக்க வழியில்லை என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"மோசேயைப் பார்க்க அவர் மாமனார் வருவாரே, ஞாபகம் இருக்கா அத்தை? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்க வரிசையில நிப்பாங்க. மோசே ஒத்தை ஆளா உக்காந்து எல்லா வழக்கையும் விசாரிப்பார். மாமனார் நாள் பூரா பார்த்துட்டு, இது நல்லதுக்கில்லப்பா, நீயும் தேஞ்சு போவே, உன்னை நம்பி நிக்கற ஜனங்களும் தேஞ்சு போவாங்க, பொறுப்பைப் பிரிச்சுக் குடுன்னு சொல்லுவார்."

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. "அங்க மாமனார் சொன்னார், மருமகன் கேட்டார். இங்க தலைகீழா இருக்கே மாப்பிள்ளை."

"அதான் அத்தை ஒரு ஸ்டாப் தள்ளிப் போட்டேன்."

"ஆண்டவர் காலைக் கழுவலையா? நான் பெரியவ, நீ கழுவுன்னு யார்கிட்டயாவது சொன்னாரா?"

"சொல்லல. கழுவினார்." மாப்பிள்ளை கைக்குட்டையைச் சுருட்டி விரித்தார். "ஆனா அத்தை, அதே சீஷர்களை ரெண்டு ரெண்டு பேரா ஊர் ஊரா அனுப்பவும் செஞ்சாரே. இவங்க சொதப்பிடுவாங்கன்னு பின்னாலயே போயி, அவங்க பேச வேண்டியதை இவரே பேசலையே."

இதைச் சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மீதி வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் பெரியக்கா அவரிடம் "சாப்டீங்களா?" என்பதற்கு மேல் பேசவில்லை. மகள் இருவருக்கும் நடுவில் திருதிருவென்று விழித்தாள். கோபம் மாப்பிள்ளை மேல் இல்லை. அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றது. விரிப்பை உருளையில் விடும்போதெல்லாம் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அண்ணன் பங்கு வேலையைத் தானே செய்தது பணிவினாலா? இல்லை. அவரிடம் "இதைச் செய்யுங்க" என்று சொல்லப் பயம். அவர் முகத்தைப் பார்ப்பதைவிட விரிப்பைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. அதற்குப் போய் ஆண்டவரின் துண்டைச் சாக்காக இழுத்துக்கொண்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஒரு காலை எல்லோருக்கும் முன்னால் வந்து உருளைப் பக்கத்தில் நின்றாள். அண்ணன் வந்து அவளைப் பார்க்காமல் வால்வைத் திருகினார்.

"அண்ணே."

"யாரோ என்னவோ சொல்றாங்க" என்றார் உருளையிடம்.

"இன்னைலேர்ந்து பாய்லர், மெஷின், இஸ்திரி எல்லாம் உங்க பொறுப்பு. யார் எந்த மெஷின்ல நிக்கணும், எந்த வார்டு துணி முதல்ல போகணும், எல்லாம் நீங்க சொல்றதுதான். என்கிட்ட கேக்க வேண்டாம்."

உருளை சூடாகி 'உஸ்' என்றது.

"நாளைக்கு ஏதாவது தப்பாச்சுன்னா?"

"மேல போய் பதில் சொல்றது என் வேலை."

அப்போதுதான் அவர் திரும்பினார். மாதக்கணக்கில் உருளையையே பார்த்திருந்த கண்கள் அவள் முகத்துக்கு வந்தன. "நிஜமாத்தான் சொல்றியா?" என்றார்.

"நிஜமாத்தான் அண்ணே."

ரேடியோவுக்கு வார்டுகளுக்குத் துணி கொண்டுபோகும் வேலை. பேச்சு இனிமேல் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவுமே என்று மற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் பேசுகிறவளிடம்தானே எல்லோரும் பேசுவார்கள்? எந்த வார்டில் எத்தனை பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், எங்கே விரிப்பு தட்டுப்பாடு, எந்த நர்ஸ் தலையணை உறையை அலமாரியில் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று ஒன்றுவிடாமல் தெரிந்துகொண்டு வந்தாள்.

பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது மட்டும் பெரியக்காவுக்குப் பெரும்பாடாக இருந்தது. அண்ணன் அவள் மடிக்கிற மாதிரி மடிக்கச் சொல்ல மாட்டார். அவள் முதலில் துவைப்பதை அவர் கடைசியில் துவைப்பார். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கை சும்மா இருக்க மாட்டேன் என்பதால் கிழிந்த உறைகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மகளுக்கு வலி எடுத்தது ஒரு வேலை நாளில். அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சேர்த்தார்கள். பெரியக்கா கீழே போய், "அண்ணே, நான் மேல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வெளியே நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் ரேடியோ விரிப்புகளோடு வார்டுக்குள் வந்தாள். வழக்கத்துக்கு மாறாக வாயை இறுக்கி மூடியிருந்தாள். அதைப் பார்த்ததுமே பெரியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

"நீ பேசாம நின்னா அது ஒண்ணுமில்லாம இருக்காது. சொல்லு."

"பாய்லர் போயிடுச்சுக்கா! நீராவி இல்ல, உருளை ஓடல, உலர்த்தற மெஷினும் ஓடல. ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து துணி கேட்டுக்கிட்டே இருக்காங்க. அண்ணன் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார், நான் சொல்லல, நீங்களா கேட்டீங்க!"

பெரியக்கா எழுந்துவிட்டாள். "அம்மா, எங்க போறே?" என்று மகள் முனகினாள். "இதோ வந்துட்டேன் கண்ணு" என்றவள் மாப்பிள்ளையைத் தாண்டி, படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

சலவைக்கூடக் கதவில் முகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. தள்ளுவதற்குக் கை வைத்தவள் அதன் வழியே பார்த்தாள்.

இஸ்திரி அண்ணன் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து பெரிய பெரிய பாத்திரங்களில் வெந்நீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் தூக்குவதும் இரண்டு பேர் வாங்குவதுமாக வரிசை போட்டிருந்தார். துவைத்த விரிப்புகள் கயிற்றுச் சுருளோடு மொட்டைமாடிக்குப் போய்க்கொண்டிருந்தன. தையல் பகுதியிலிருந்து சாதாரண இஸ்திரிப் பெட்டிகள் வந்து மடிக்கும் மேசை முழுக்க வரிசையாக ஓடின. ஒருவரும் யாரையும் தேடவில்லை. ஆளுக்கொரு வேலை கையில் இருந்தது.

பச்சைத் தியேட்டர் துணியையும் வெள்ளை விரிப்பையும் ஒரே மூலையில் குவித்திருந்தார்கள். பெரியக்காவாக இருந்தால் தனித்தனியாக வைத்திருப்பாள். "அண்ணே, அதைப் பிரிச்சு வைங்க" என்று சொல்லக் கை கதவை அழுத்தியது.

உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. எல்லாத் தலையும் திரும்பும். "அக்கா, அக்கா" என்று பத்துக் கேள்வி வரும். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பெட்டியிலிருந்து இறங்கிவிடுவார். அப்புறம் அவரை மறுபடி அதில் ஏற்ற யாராலும் முடியாது.

கையை எடுத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். கண்ணை மூடி, "ஆண்டவரே, இவங்களைப் பார்த்துக்கும். என்னையும் பிடிச்சுக்கும், இல்லேன்னா உள்ள ஓடிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மாப்பிள்ளை நடையிலேயே நின்றிருந்தார். "என்ன அத்தை, அதுக்குள்ள வந்துட்டீங்க? உள்ள போகலையா?"

"இல்ல மாப்பிள்ளை. அங்க ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மகளிடம் போனாள்.

பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்தாள். அவளைப் போர்த்தி வாங்கிய துண்டு மொட்டைமாடி வெயிலில் காய்ந்த வாசனையோடு இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். இஸ்திரி அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார். முந்தின நாள் இருந்த விரிப்புகளை அண்ணன் தியேட்டருக்கும் அவசரப் பிரிவுக்கும் பிரசவ வார்டுக்கும் மட்டும் அனுப்பியிருந்தார். மேல்மாடிக் கட்டண அறைகளுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவர் நிர்வாகக் குழுவுக்கு வேண்டப்பட்டவர்.

"மேல்மாடிக்கு அனுப்ப வேண்டாம்னு யார் முடிவு பண்ணது?" என்றார் மேனேஜர்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெரியக்கா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சலவைக்கூடத்துல எடுத்த முடிவு சார். அதுக்கு நான்தான் பொறுப்பு."

"நீங்க நேத்து அங்க இல்லவே இல்லையே."

"இல்லாதப்பவும் நான்தான் சார் பொறுப்பு. அவரை முடிவெடுக்கச் சொன்னது நான். இருந்த துணியைத் தேவை அதிகமா இருக்கற இடத்துக்கு அனுப்பியிருக்கார். நான் இருந்திருந்தா இவ்வளவு தைரியமா செஞ்சிருப்பேனான்னு தெரியல."

நடவடிக்கை எடுத்ததாக நிர்வாகக் குழுவிடம் மேனேஜர் ஏதாவது காட்ட வேண்டியிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் பெரியக்கா பேரில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அண்ணன் வழியை மறித்தார். "நான் பண்ணதுக்கு நீ எதுக்கு மெமோ வாங்கறே?"

"அதுக்குத்தானே அண்ணே என்னை வெச்சிருக்காங்க? துவைக்கறதுக்குத்தான் நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்க பெரியக்கா, போவோம். பாய்லர் ரிப்பேருக்கு ஆள் வந்திருப்பான்" என்றார். தன்னைவிடச் சின்னவளை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் ஜெபக்கூட்டத்தில் பெரியக்கா எழுந்ததும் எல்லோரும் வழக்கமான பக்கத்தைத் திருப்பினார்கள். அவள் வேறு இடம் சொன்னாள். ஜனங்கள் தப்புப் பண்ணின நேரத்தில், இவர்களை மன்னிக்கவில்லையென்றால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரையும் அழித்துவிடும் என்று மோசே ஆண்டவரிடம் மன்றாடின இடம்.

"எங்க அண்ணன் ஒரு தப்பும் பண்ணல. அது வேற கதை" என்று ஆரம்பித்தாள். "ஆனா இதைப் படிக்கறப்பெல்லாம் மோசே நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு சொல்லியிருப்பார்னு நினைச்சுக்குவேன். மேனேஜர் ரூம்ல எனக்கு முட்டி ரெண்டும் தட்டிக்கிச்சு. மோசேக்கும் தட்டியிருக்கும். தட்டிக்கிட்டேதான் சொல்லியிருப்பார்."

அதன்பின் வருஷங்கள் ஓடின. அண்ணன் வயதாகி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ரேடியோ வந்தாள். கடைசியில் பெரியக்காவுக்கும் ஓய்வு பெறும் நாள் வந்தது. மடிக்கும் மேசையில் வெள்ளை விரிப்பு விரித்து டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அண்ணன் மொடமொடவென்ற சட்டையில் வந்திருந்தார். மகள், மாப்பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த பேத்தி எல்லோரும் இருந்தார்கள். இனி ரேடியோதான் மேற்பார்வையாளர் என்று மேனேஜர் அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும் பெரியக்கா எழுந்தாள்.

"சாமுவேல்னு ஒரு தீர்க்கதரிசி. வயசாகி பொறுப்பை விட்டுப் போறப்போ ஜனங்க முன்னாடி நின்னு, நான் யார் பொருளையாவது எடுத்தேனா, யாருக்காவது கெடுதல் பண்ணேனான்னு கேட்டார். நானும் கேக்கறேன். யாரையாவது நோகடிச்சிருந்தா இப்பவே சொல்லுங்க."

அன்று சாமுவேலிடம் ஜனங்கள் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். இங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பெரியக்கா உள்ளூர எதிர்பார்த்தாள். இல்லையென்று சொல்ல முடியாது.

"நான் சொல்லட்டுமாக்கா?" என்றாள் ரேடியோ.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"எங்கம்மா தவறின புதுசுல நான் வாய் ஓயாம பேசிக்கிட்டே இருந்தேன். ஒருநாள் நீங்க எல்லார் முன்னாடியும், யாராவது இந்த ரேடியோவை அணைங்களேன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பேச்சை நிறுத்தினா அழுதுடுவேன்னுதான் பேசிக்கிட்டிருந்தேன்க்கா."

பெரியக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனாள். ஏதோ ஒரு விளக்கம் வாயில் வந்தது. அதை விட்டுவிட்டாள்.

"எனக்கு ஞாபகமே இல்லடி. அதுதான் இன்னும் மோசம். என்னை மன்னிச்சிடு."

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. நீங்க கேட்டீங்க, அதான் சொன்னேன்" என்று ரேடியோ அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். குனிந்துதான் வைக்க வேண்டியிருந்தது.

"டீ ஆறுது" என்றார் அண்ணன். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

கூட்டம் கலையும்போது மாப்பிள்ளை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "சங்கடமா போச்சா அத்தை?"

"இல்ல மாப்பிள்ளை. சாமுவேலுக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கல. எனக்குக் கிடைச்சா. அவதான் நாளைக்கு இந்தக் கூடத்தை நடத்தப் போறா." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "நான் முப்பது தடவை காலைக் கழுவியிருப்பேன் மாப்பிள்ளை. யார் காலை எப்ப மிதிச்சேன்னு அவங்க சொன்னாத்தானே தெரியுது?"

பேச்சை முடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் எச்சில் கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ரேடியோவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அக்கா, அதை வைங்க! மாப்பிள்ளை சார், நீங்க கோப்பையை எடுங்க. அண்ணே, நீங்க விரிப்பை மடிங்க. மேனேஜர் சார், கோவிச்சுக்காதீங்க, அந்த ரெண்டு நாற்காலியை மட்டும் ஓரமா போட்டுடுங்க."

மேனேஜர் நாற்காலியைத் தூக்கினார். பெரியக்கா பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.